அம்மா வாயில் புல்லாங்குழல்

"அந்த வீடியோவைத் தூக்குங்க சார்."

வணக்கம் சொல்லவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றவும் இல்லை. பிரவீன்குமார் இட்லிப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

"செருப்பு" என்றார்.

"வீடியோ" என்றேன்.

இந்த அலுவலகத்தில் சேர்ந்த அன்றைக்கே எனக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். லீவு கேள், அட்வான்ஸ் கேள், ஓடாத ஃபேனை மாற்றச் சொல்லிக் கேள். ஓடுகிற வீடியோவை எடுக்கச் சொல்லி மட்டும் எந்தக் காலத்திலும் கேட்காதே. ஓடுகிற வீடியோ துறையை விட்டுக் கிளம்பிய கப்பல் மாதிரி என்று பிரவீன்குமார் உவமை வேறு சொன்னார். அன்றைக்குத் தலையை ஆட்டினேன். டிகிரி முடித்து ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தவள் எதற்கும் தலையாட்டுவாள்.

"எந்த வீடியோ?"

"ரப்பர் தோட்டத்துல தலைத்துண்டு கட்டிக்கிட்டு ரெண்டு வாளியோட வர்றாங்களே, அது. அது எங்கம்மா."

அவர் சட்னியில் இட்லியைப் புரட்டினார். "அரே, அப்படியா? எனக்கு எப்படித் தெரியும்? ஃபோல்டர்ல கிடந்துச்சு."

ஃபோல்டரில் கிடந்தது உண்மை. எங்கள் அலுவலகம் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கிறது. ரிசார்ட்டுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் குட்டி வீடியோ எடுத்துப் போடுவதுதான் தொழில். ஆளுக்கொரு ஆபீஸ் போன் கொடுத்திருக்கிறார்கள். அதில் எதைப் பிடித்தாலும், நெட் கிடைத்த உடனே, தானாக ஆபீஸ் ஃபோல்டரில் போய் விழும். டிசம்பரில் நான் நிக்கோபாரில் இருக்கும் கச்சால் தீவுக்கு, வீட்டுக்குப் போனபோது அந்தப் போனில்தான் அம்மாவைப் பிடித்தேன். யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. ஊர் ஓரத்தில் கராச்சர்மாவில் ஹாஸ்டல் மாதிரி ஒரு அறையில் தனியாகக் கிடக்கிற நான் சாப்பிடும்போது பார்த்துக்கொள்வதற்காக.

போன வாரம் முழுக்க நான் ஹேவ்லாக் தீவில் ஷூட்டிங்கில் இருந்தேன். அந்த வாரம்தான் இங்கே பரீட்சை நடந்திருக்கிறது. ஒரே வீடியோ, ஒரே நேரம், ஒரே தலைப்பு, மூன்று இடங்கள். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ், ஃபேஸ்புக். எங்கே அதிகம் ஓடுகிறதோ அங்கே ரிசார்ட்டின் விளம்பரத்தைக் கொட்டலாம் என்று வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். எடுத்துச் சொல்வது என் வேலை. போடுவதும் எடுப்பதும் பிரவீன்குமாரின் போனில் மட்டும்தான் முடியும். எனக்கு எண்களைப் பார்க்கத்தான் அனுமதி. எண்களைப் பார்க்க நேற்று இரவு உட்கார்ந்தபோது ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து என் அம்மா நடந்து வந்தாள். கேமராவைப் பார்த்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

வாயிலிருந்து புல்லாங்குழல் வந்தது.

தலைப்பு, 'நாகரிகம் தொடாத தீவின் மகள்'. கீழே ஹேஷ்டேகில் ட்ரைபல், அன்டச்டு, அந்தமான்.

"நான் எங்க ஆதிவாசின்னு போட்டேன்? தீவின் மகள்னுதானே இருக்கு" என்றார் பிரவீன்குமார். "உங்கம்மா தீவுலதானே இருக்காங்க?"

"ஹேஷ்டேக்?"

"ஹேஷ்டேக் யார் படிக்கிறா."

"மெயின்லாண்ட் முழுக்கப் படிச்சிருக்கு சார். கமென்ட்டைப் பாருங்க."

"உதயா, உக்காரு. டென்ஷன் மத் லோ." கையை நக்கிவிட்டுப் பேசினார். அவருடைய அப்பா மெயின்லாண்டிலிருந்து வந்த காண்ட்ராக்டர். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சமாதானம் செய்யும்போது ஹிந்தியும், அதட்டும்போது தமிழும் வரும். "யோசிச்சுப் பாரு. அசல் ஆதிவாசிங்களைப் படம் எடுத்தா என்னாகும்? போலீஸ் உள்ள தூக்கிப் போடுவான். நமக்கு அந்த வம்பே வேணாம். ஆனா மெயின்லாண்ட்காரன் அந்தமான்னா அதைத்தான் கேக்கிறான். உங்கம்மான்னா கேஸும் கிடையாது, லுக்கும் இருக்கு. அதான் இந்தக் கிளிப் தங்கம்."

"அப்ப எங்கம்மான்னு தெரிஞ்சுதான் போட்டீங்க."

அவர் இட்லிக்குத் திரும்பினார். "மத்தியானம் ரிசார்ட் ஜெயலட்சுமி மேடம் வர்றாங்க. அவங்க முன்னால இதைத்தான் காட்டணும். மீட்டிங் முடியட்டும், அப்புறம் பாப்போம். எப்படியும் உங்கம்மா பாக்கப் போறதில்ல. கச்சால்ல நெட் எங்க இருக்கு? போய் நம்பர் டேபிளைப் போடு. அப்படியே செருப்பை வெளியில விட்டுட்டு வா."

செருப்போடு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

கச்சாலில் நெட் இல்லை என்பது பாதி உண்மை. ஒரு போட்டோ திறக்கவே டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் கச்சால்காரர்கள் நெட்டை நம்பி இருந்ததே இல்லை. போர்ட் பிளேரில் கப்பல் ஏறப் போகிறவர்கள் ஹேடோ ஜெட்டியில், அந்தக் கப்பல் துறையில், என்ன செய்வார்கள் என்று பிரவீன்குமாருக்குத் தெரியாது, அவர் விமானத்தில் சென்னை போகிறவர். மூட்டையை வரிசையில் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து எல்லாரும் போனை நிரப்புவார்கள். கப்பலில் சிக்னல் இருக்காது, ஊரிலும் இருக்காது. அதனால் கண்ணில் பட்ட வீடியோவை எல்லாம் இறக்கிக்கொள்வார்கள். கப்பலில் போனுக்குப் போன் மாற்றிக்கொள்வார்கள். ஊர் இறங்கியதும் தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கப் பரவும். காலேஜ் லீவுக்குப் போகும்போதெல்லாம் நானும் அப்படித்தான் கொண்டுபோவேன். அம்மாவுக்கு சீரியல். பக்கத்து வீட்டு மார்த்தா ஆன்ட்டிக்கு சர்ச் பாட்டு. வீடு வந்து சேர்ந்ததும் என்னைக் கேட்பதற்கு முன்னால் போனைத்தான் கேட்பார்கள்.

கப்பல் போய் இரண்டு நாளாகிறது.

டேபிளைத் திறந்தேன். இந்த வேலையில் எனக்கு எஞ்சியிருப்பது கட்டைவிரல் வலி மட்டும்தான். மற்றதெல்லாம் மரத்துப் போய்விட்டது. ஒரே கடற்கரையை மூன்று இடத்தில் போட்டால் மூன்று விதமான சனம் வந்து பார்க்கும். இன்ஸ்டாகிராமில் வருகிறவர்கள் கல்யாணம் நிச்சயமானவர்கள். சேமித்துவைத்து, மாப்பிள்ளைக்கு அனுப்பி, 'இங்கதான்' என்பார்கள். யூடியூப் ஷார்ட்ஸில் வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். கப்பலா ஃப்ளைட்டா, மீன் சாப்பிடாதவன் என்ன சாப்பிடுவான், மழை எப்போது நிற்கும். நாம் போட்டு மறந்த பிறகும் அங்கே ஆள் வந்துகொண்டிருக்கும். ஃபேஸ்புக்கில் ரிட்டயர்டு மாமாக்கள். சூரிய உதயத்தைப் போட்டாலும் கும்பிடுவார்கள், பொரித்த நண்டைப் போட்டாலும் கும்பிடுவார்கள். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு ரிசார்ட்காரருக்கும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. டிகிரி வாங்கியது இதற்காகத்தான் என்று அம்மாவிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல், 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது அதே மூன்று சனமும் அம்மாவைப் பார்க்க வந்திருந்தது.

இன்ஸ்டாகிராமில், 'எவ்வளவு தூய்மையான கண்கள்' என்று எழுதிச் சிவப்பு இதயம் போட்டிருந்தார்கள். ஷார்ட்ஸில் ஒருவன், 'இவங்க மனுஷனைச் சாப்பிடுவாங்களா?' என்று கேட்க, இன்னொருவன், 'இல்ல ப்ரோ, அது வேற தீவு' என்று பொறுப்பாக விளக்கியிருந்தான். ஃபேஸ்புக்கில் கும்பிட்டிருந்தார்கள். கும்பிட்டுவிட்டு, 'இவங்களுக்கு சேலை யார் கொடுத்தது?' என்று ஒரு மாமா கேட்டிருந்தார்.

யார் கொடுத்தது? என் முதல் சம்பளத்தில் நான் அபர்டீன் பஜாரில் எடுத்த சேலை அது. தோட்டத்துக்குக் கட்டாதே என்று சொன்னாலும் கேட்காமல் கட்டுகிறாள்.

அம்மாவின் பெயர் அமிர்தவல்லி. இலங்கையில் தேயிலை மலையிலிருந்து கூட்டி வந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிட்டவர்களின் பிள்ளை. ரப்பர் பால் வெட்டுவாள், வாளி சுமப்பாள், வெற்றிலை போடுவாள், வாக்குப் போடுவாள். நாகரிகம் அவளைத் தொடவில்லை என்றால், காலேஜ் ஃபீஸ் கட்ட அவள் கப்பல் ஏறி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தது யாரைத் தொட? கறுப்பாக இருந்தாள், தலையில் துண்டு கட்டியிருந்தாள், பின்னால் மரம் இருந்தது. அவர்களுக்கு அது போதும்.

எடிட்டிங் சங்கவி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நானும் அவளும் கராச்சர்மாவிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். காலையில் பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்கா, திட்டுறதுன்னா திட்டிடு. மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத."

"நீதான் வெட்டுனியா?"

"சார் சொன்னாரு, வெட்டுனேன். சத்தத்த எடுத்துட்டு ப்ளூட் போடுன்னாரு. போட்டேன். அம்மா பேசுறதக் கேட்டதுமே எனக்கு உங்கூரு பாஷைன்னு தெரிஞ்சிருச்சு. ஆனா உங்கம்மான்னு..." நிறுத்திக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன்க்கா. என்ன செய்ய."

கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் போட்டிருப்பேனோ என்னவோ. "அசல் இருக்கா? சத்தத்தோட?"

"இருக்கு."

"என் சொந்தப் போனுக்கு அனுப்பு."

"சாருக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்."

அனுப்பினாள். அது வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது. அம்மா. கச்சாலில் ஸ்கூல் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். வேலை நேரத்தில் அம்மா மேடு ஏறினால் யாரோ செத்திருக்க வேண்டும். மாடிப்படிக்கு ஓடினேன்.

"உதயா, வெளங்குதா?"

"வெளங்குதும்மா. சொல்லு."

"கப்பல்ல வந்த நாகராஜ் போன்ல என்னையக் காட்டுறான் புள்ள. லைன்ல ஒரு வீடு பாக்கியில்ல."

சுவரில் சாய்ந்துகொண்டேன். பின்னால் மார்த்தா ஆன்ட்டி கத்துவது கேட்டது. "அரே உதயா! அஸ்லி வாலி இதர் பைட்டி ஹை!" அசல் நிக்கோபாரி ஆதிவாசி நான் இங்கே பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்க, உங்கம்மாவைப் போய் எடுத்தாயா என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, போனைக் கிட்டத்தில் வாங்கி, ஹிந்தியிலேயே சொன்னாள்: "இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தேன். நாகரிகம் தொடாத ஆள் யாரென்று உன் சேட்டிடம் கேட்டு வை. ஊசி போட நான் வருகிறேன்."

அம்மா போனைப் பிடுங்கினாள். "அவ கெடக்கா. சிரிக்கிறவங்க சிரிச்சிட்டுப் போறாங்க. ட்ரைபல்னு போட்டா எனக்கு என்னா, மார்த்தா வீட்டுல தின்னு வளந்த புள்ளதானே நீயி. ஒண்ணு கேக்கிறேன். நான் பேசுனது எங்க?"

"அம்மா..."

"வாய் தெறக்கிறேன், ஊதுகொழல் வருது. நான் ஊமையா? இந்த வாய வெச்சித்தான் கங்காணிகிட்டயும் ஆபீஸ்லயும் சண்ட புடிச்சி ஒன்னையப் படிக்க அனுப்புனேன். மூஞ்சி வேணுமாம், பேச்சு வேணாமாமா?"

"எடுக்கச் சொல்லிட்டேன்மா. காலையிலயே சொல்லிட்டேன்."

"அங்க எடுத்தா நாகராஜ் போன்லருந்து போயிருமா?"

"போகாதும்மா."

"பொறகு எடுத்து என்னா, எடுக்காட்டி என்னா? நான் பேசுனதப் போடு. வெளங்குதா? நான் பேசுனத..." காற்றின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மதியம் சாப்பிடாமல் வெளியே போய்விட்டு வந்தேன். திரும்பி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கே போனாய் என்று பிரவீன்குமார் கேட்டார். வேலை இருந்தது என்றேன். மேடம் வந்துவிட்டார், சீக்கிரம் வா என்றார்.

ஜெயலட்சுமி மேடத்துக்கு ஹேவ்லாக்கில் ரிசார்ட் இருக்கிறது. கணவர் அரசாங்க வேலையில் இங்கே வந்து, ஓய்வு பெற்று, நிலம் வாங்கி, ரிசார்ட் கட்டி, காலமானார். அதன் பிறகு எல்லாம் மேடம்தான். நல்ல மாதிரி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பார்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன் மேடம்" என்று பொய் சொல்லிவிட்டுப் பெரிய டிவியில் டேபிளைப் போட்டேன். தெரிந்த பாட்டைப் பாடினேன். இன்ஸ்டாகிராமில் ஜோடிகள், ஷார்ட்ஸில் நீண்ட ஆயுள், ஃபேஸ்புக்கில் பெரியவர்கள். உங்கள் ரூம்களுக்கு முதலாவதுதான் சரி, கேள்வி கேட்கிறவர்களைப் பிடிக்க இரண்டாவது. என் குரல் எனக்கே பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி கேட்டது. பிரவீன்குமார் பொறுமையில்லாமல் ரிமோட்டை வாங்கி வீடியோவை ஓடவிட்டார். அம்மா நடந்து வந்தாள். நின்றாள். வாயைத் திறந்தாள். புல்லாங்குழல்.

"அடடா" என்றார் மேடம். "என்ன ஒரு முகம்! பிரவீன், இந்தப் பொம்பளைய ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டு வர முடியுமா? சாயங்காலம் கெஸ்ட் எல்லாம் லான்ல உக்காந்திருக்கும்போது சும்மா அப்படி நடந்து வந்தாப் போதும். பேச வேண்டியதில்ல."

"பண்ணிடலாம் மேடம்."

"பர்மிஷன், பாஸ் அது இதுன்னு ஏதாவது வருமா?"

"அந்தப் பிரச்னையே வராது" என்று பிரவீன்குமார் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வராது மேடம்" என்றேன் நான். "அவங்க ஆதிவாசி இல்ல. ரப்பர் தோட்டத்துல வேலை பாக்கிற தமிழ்ப் பொம்பள. பேரு அமிர்தவல்லி. எங்கம்மா."

நான் எதிர்பார்த்தது ஒரு சங்கடம். மேடம் ஒரு நிமிஷமாவது டிவியிலிருந்து கண்ணை எடுப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம ஆளா? அப்ப இன்னும் ஈஸியாப் போச்சே! பாஷைப் பிரச்னை கூட இல்ல. நீயே கூட்டிட்டு வந்துரு."

பிரவீன்குமாருக்கு உயிர் வந்தது. "அதான் மேடம், நானும் காலையில இருந்து சொல்றேன். உதயா, அம்மா தோட்டத்துல ஏன் கஷ்டப்படணும்? உனக்கும் ப்ரமோஷன் போட்டுருவோம். கன்டென்ட் ஹெட். டீக் ஹை?"

"வீடியோவைத் தூக்குங்க சார்."

"திரும்ப அதையே பேசாத. ஓடுறத எடுக்கிற வழக்கமில்ல."

"அப்ப அவங்க பேசுனதோட போடுங்க."

"என்ன பேசுனாங்க?" என்று மேடம் ஆசையாகக் கேட்டார்.

என் சொந்தப் போனை டிவியில் இணைத்தேன். அதே மரங்கள், அதே துண்டு, அதே சேலை. சருகு மிதிபடும் சத்தம். அம்மா நின்றாள், வாயைத் திறந்தாள். அந்த அறையின் கண்ணாடி அதிர அம்மாவின் குரல் வந்தது.

"ஏய் படிச்ச புள்ள! எந்நேரமும் அந்தப் போனத் தூக்கிக்கிட்டுத் திரியுற. ரெண்டு கையிலயும் பால்டிய வெச்சிக்கிட்டு ஒருத்தி நடக்கிறாளே, கண்ணு தெரியல? போனக் கீழ வெச்சிட்டு வந்து ஒரு பால்டியப் புடி! மக வந்துட்டா, கை கடுக்காதுன்னு பாத்தா, படமா புடிக்கிற?"

கதவோரத்தில் நின்றிருந்த சங்கவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

மேடமும் சிரித்தார். ரொம்ப நல்ல மாதிரியாகவே சிரித்தார். "திட்டுறாங்களே! சின்ன வயசுல எங்கம்மாவும் இப்படித்தான்." பிறகு பிரவீன்குமார் பக்கம் திரும்பினார். "ஆனா இது வேணாம். இதைப் பாத்தா ஹாலிடே வர்ற ஆளுக்கு மூடு போயிரும். அந்தப் புல்லாங்குழலே இருக்கட்டும்."

"அதேதான் மேடம்" என்றார் பிரவீன்குமார்.

டிவியிலிருந்து என் போனைக் கழற்றிப் பையில் போட்டேன். ஆபீஸ் போனை எடுத்து மேஜையில், மேடத்தின் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது எதுக்கு?" என்றார் பிரவீன்குமார்.

"கீழ வைக்கச் சொன்னாங்களே, கேட்டீங்கல்ல?"

"உதயா, டிராமா பண்ணாத. வெளிய போனா இந்த ஊர்ல இந்த வேலை எங்க கிடைக்கும்? பி.காம்ங்கிறத வெச்சிக்கிட்டு என்ன செய்வ?"

தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். "தெரியல சார். ஆனா உங்க டேபிள்ல ஒரு இடம் விட்டுப் போச்சு. நான்தான் போடல. ஹேடோ ஜெட்டி. அங்க எண்ணிக்கை காட்டாது. ஆனா உங்க வீடியோ கச்சாலுக்கு அந்த வழியாத்தான் போச்சு. இன்னிக்கு சாயந்தரக் கப்பலுக்கு எல்லாரும் மூட்டை மேல உக்காந்து போனை நிரப்பிக்கிட்டு இருப்பாங்க. அவங்க எல்லார் போன்லயும் எங்கம்மா திட்டுறத ஏத்தப் போறேன். கமோர்ட்டா, கச்சால், எங்க எங்க இறங்குறாங்களோ அங்க எல்லாம் போகும்."

"அதுல யார் பாப்பாங்க?"

"எங்கம்மாவத் தெரிஞ்சவங்க."

அவர் ஏதோ சொன்னார். மேடம், "பாவம், கோவத்துல பேசுது, விடுங்க பிரவீன்" என்றார். மதியம் வெயிலில் வரிசையில் நின்று எடுத்த கச்சால் டிக்கெட் பைக்குள் அம்மாவின் வெற்றிலைக்கு வாங்கிய புகையிலையோடு மடங்கிக் கிடந்தது. திரும்பி வரும் டிக்கெட் எடுக்கவில்லை. கவுண்டரில் கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

சங்கவி கதவிலிருந்து விலகி வழிவிட்டாள். "அக்கா, எனக்கும் அனுப்பி வை. கராச்சர்மா பஸ்ல போடுறேன்" என்றாள், மெதுவாக, சாருக்குக் கேட்காதபடி.

மற்றவர்களின் செருப்புகள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. நான் குனிந்து தேட வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து என் செருப்பு காலில்தான் இருந்தது. அப்படியே படியிறங்கினேன்.